தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகத்துல என்ன படிக்கலாம்? யாருக்கு செட் ஆகும்? சேர்வதற்கு முன் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "அடுத்து என்ன?" இன்ஜினியரிங்னு சொன்னா எந்த காலேஜ்னு கேட்பாங்க. நர்சிங்னு சொன்னா ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்பாங்க. "தமிழ் படிக்கப் போறேன்"னு சொன்னா மட்டும், "படிச்சு?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு நியூஸ் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அந்தக் கேள்வி நல்லா பழக்கம்.

உண்மையில் அது தப்பான கேள்வி இல்லை. மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ ஒரு இடத்தில் செலவிடப் போகிறவர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்விதான். அதனால் தமிழுக்காகவே அரசு தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டு, அங்கே என்ன கிடைக்கும், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று விரிவாகப் பார்க்கலாம்.

எப்போது தொடங்கப்பட்டது?

எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, 1981 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. கேரளப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மொழியியல் அறிஞர் வ.அய்.சுப்பிரமணியம்தான் முதல் துணைவேந்தர். ஆரம்பத்தில் தஞ்சை அரண்மனை வளாகத்தில் இயங்கியது. பிறகு திருச்சி சாலையில் கிட்டத்தட்ட 1,000 ஏக்கர் பரப்புள்ள வளாகத்துக்கு மாறியது.

நிலப்பரப்பு பெரிசு. ஆனா பல்கலைக்கழகம் சின்னதுதான். சென்னைப் பல்கலைக்கழகம், பாரதிதாசன் பல்கலைக்கழகம் மாதிரி ஏராளமான கல்லூரிகளைத் தன் கீழ் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் இல்லை இது. தஞ்சாவூரில் இருக்கும் கலை அறிவியல் கல்லூரிகளில் படிப்பவர்களுக்குக்கூட திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் டிகிரிதான் கிடைக்கும்.

தமிழ்ப் பல்கலைக்கழகம் முதலில் ஆராய்ச்சிக்காகவே திட்டமிடப்பட்டது. பாடம் நடத்தி டிகிரி கொடுப்பது பின்னால் வளர்ந்தது. இதைத் தெரிந்துகொண்டால் அங்கே இருக்கும் துறைகளின் பெயர்கள் ஏன் வேறு மாதிரி இருக்கின்றன என்பது புரிந்துவிடும்.

என்னென்ன துறைகள் இருக்கு?

மொத்தம் ஐந்து புலங்கள். புலம் என்றால் பல துறைகள் சேர்ந்த ஒரு பிரிவு.

• கலைப்புலம்: சிற்பம், இசை, நாடகம்.

• சுவடிப்புலம்: ஓலைச்சுவடி, அரிய கையெழுத்துச் சுவடி, கல்வெட்டியல் மற்றும் தொல்லியல். கடலுக்கு அடியில் ஆய்வு செய்யும் நீரகழாய்வும் இந்தப் புலத்தில்தான்.

• வளர்தமிழ்ப்புலம்: மொழிபெயர்ப்பு, அகராதியியல், அயல்நாட்டுத் தமிழ்க் கல்வி, அறிவியல் தமிழ் போன்றவை.

• மொழிப்புலம்: இலக்கியம், மொழியியல், நாட்டுப்புறவியல், தத்துவம் போன்றவை.

• அறிவியல்புலம்: சித்த மருத்துவம், தொல்லறிவியல், கணிப்பொறி அறிவியல் போன்றவை.

துறை இருக்கிறது என்பதாலேயே அதில் ப்ளஸ் டூ முடித்தவுடன் சேரும் டிகிரி இருக்கும் என்று அர்த்தம் இல்லை. சில துறைகளில் முதுகலையோ முனைவர் பட்ட ஆய்வோ மட்டும் இருக்கலாம். எந்த ஆண்டு எந்தப் படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதை அந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும்.

மற்ற இடத்தில் கிடைக்காதது இங்கே என்ன கிடைக்கும்?

ஒரு உதாரணம் பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனவர்கள் எல்லாரும் சுவரில் வரிவரியாக எழுத்துகளைப் பார்த்திருப்பார்கள். பார்த்தால் தமிழ் மாதிரியே இருக்கும். ஆனா வாசிக்க வராது. ராஜராஜன் காலத்து எழுத்து வடிவத்துக்கும் இன்று நாம் எழுதும் வடிவத்துக்கும் 1,000 ஆண்டு இடைவெளி. நடுவில் வடமொழிச் சொற்கள் கிரந்த எழுத்தில் வரும். பாண்டிய நாட்டுப் பக்கம் போனால் வட்டெழுத்து. இன்னும் பின்னால் போனால் தமிழி என்கிற தமிழ்பிராமி.

ஓலைச்சுவடியும் அப்படித்தான். எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்பதால், பெரும்பாலான சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதற்கு வேறுபாடு காட்டியிருக்க மாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் கிடையாது. ஒரே வரியை ரெண்டு பேர் ரெண்டு விதமாகப் பிரித்துப் படிக்க முடியும். எது சரி என்று முடிவு செய்ய இலக்கணமும் யாப்பும் தெரிந்திருக்க வேண்டும். யூடியூப் பார்த்து ஒரு வாரத்தில் வருகிற வித்தை இல்லை இது. பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் இருக்கும் துறைகள் தமிழ்நாட்டில் ரொம்பக் கொஞ்சம். தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. வளாகத்திலேயே சுவடிகள் இருக்கின்றன. ஊருக்குள் அரண்மனை வளாகத்தில் சரசுவதி மகால் நூலகம். சுற்றிலும் சோழர் காலக் கோயில்கள். படிக்கிற பாடத்துக்கான ஆதாரம் பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில்.

பழைய பெருமைகளும் உண்டு. ஈரோடு மாவட்டம் சென்னிமலை பக்கம், நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1980-களில் அகழாய்வு செய்தது தமிழ்ப் பல்கலைக்கழகம். கீழடி பற்றி ஊரே பேச ஆரம்பிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னாடி நடந்தது அது. வாழ்வியற் களஞ்சியம், அறிவியல் களஞ்சியம் என்று பல தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியங்களைத் தமிழில் வெளியிட்டதும் இந்தப் பல்கலைக்கழகம்தான். நாடகத் துறையில் பாடம் நடத்தியவர்களில் சே.இராமானுஜம், மு.ராமசாமி போன்ற நவீன நாடகக்காரர்கள் உண்டு. 'ஜோக்கர்' படம் பார்த்தவர்களுக்கு மு.ராமசாமியின் முகம் உடனே ஞாபகம் வரும்.

இன்னொரு விஷயம். வரலாறு, மொழியியல், தத்துவம் போன்ற பாடங்களில் உயர்கல்வியையும் ஆராய்ச்சியையும் தமிழிலேயே செய்யலாம். தமிழ் மீடியத்தில் படித்து வந்து, சிந்தனை நல்லா ஓடியும் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுத வேண்டுமே என்று பயந்து நிற்கும் மாணவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ப்ளஸ் டூ முடிச்சவங்க என்ன பண்ணலாம்?

இவர்களுக்கு முக்கியமானது ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலைப் படிப்பு. ப்ளஸ் டூ முடித்ததும் சேர்ந்து, இளங்கலை, முதுகலை இரண்டையும் ஒரே மூச்சில் படிப்பது. தமிழில் இந்தப் படிப்பு இருக்கிறது. இடையில் இன்னொரு அட்மிஷனுக்கு அலைய வேண்டாம் என்பது இதன் வசதி. மூன்றாம் ஆண்டில் மனசு மாறினால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இதில் உள்ள சிக்கல்.

ஏற்கெனவே டிகிரி முடித்தவர்களுக்கு இரண்டாண்டு முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன. முதுகலை முடித்தவர்களுக்கு முனைவர் பட்ட ஆய்வு. எம்.ஃபில். பற்றி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2022-ல் வந்த யுஜிசி விதிமுறைகளுக்குப் பிறகு புதிதாக எம்.ஃபில். சேர்க்கை கிடையாது. இது எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும்.

பேரைப் பார்த்துக் குழம்பாதீங்க

மூன்று இடங்களில் மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.

ஒன்று, திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்திய பல்கலைக்கழகம். அது 2009-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசுப் பல்கலைக்கழகம். அங்கே இளங்கலையில் சேர 'க்யூட்' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தஞ்சையில் இருப்பது மாநில அரசுப் பல்கலைக்கழகம். இரண்டும் வேறு வேறு.

இரண்டு, சித்த மருத்துவத் துறை. இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, இங்கே படித்தால் சித்த மருத்துவர் ஆகிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பதிவு பெற்ற சித்த மருத்துவராக வேண்டுமென்றால் பி.எஸ்.எம்.எஸ். படிக்க வேண்டும். அதற்கு நீட் எழுதி, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற கல்லூரிகளில் சேர வேண்டும். பல்கலைக்கழகத் துறையின் வேலை ஆய்வு.

மூன்று, தொலைநிலைக் கல்வி. எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் சரி, தபால் வழியில் படிப்பதென்றால் அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு, யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று யுஜிசி தளத்தில் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அந்தப் படிப்புக்கு அனுமதி இருப்பது வேறு.

சரி, "படிச்சு?" - என்ன வேலை கிடைக்கும்?

ஆசிரியர் வேலைதான் முதல் வழி. பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆக இளங்கலையோடு பி.எட். வேண்டும், டெட் இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். முதுகலை ஆசிரியர் ஆக எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்து டிஆர்பி தேர்வு எழுத வேண்டும்.

கல்லூரிப் பேராசிரியர் ஆக நெட் அல்லது செட். நெட் தேர்வில் தமிழ் மட்டும் இல்லை. மொழியியல், தொல்லியல், இசை, நாட்டுப்புற இலக்கியம், நிகழ்த்துகலை எல்லாமே தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றன. முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 50 சதவீதம் போதும். ஜேஆர்எஃப் கிடைத்துவிட்டால் ஆராய்ச்சி செய்யும்போது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000 உதவித்தொகை. வீட்டில் "படிச்சு?" என்று கேட்டவர்களுக்கு இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது, தொல்லியல், கல்வெட்டு, அருங்காட்சியகம் சார்ந்த வேலைகள். இதில் நல்ல மாற்றங்கள் நடந்திருக்கின்றன. 2020-ல் இந்தியத் தொல்லியல் துறையின் முதுநிலை டிப்ளமோ படிப்புக்கான அறிவிப்பில் தகுதி மொழிகள் பட்டியலில் தமிழ் இல்லை. பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகு தமிழ் சேர்க்கப்பட்டது. மைசூருவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளை சென்னைக்கு மாற்றும்படி 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. படியெடுத்த கல்வெட்டை வாசிக்கவும் ஆள் வேண்டும். ஆனா ஒண்ணு, இந்தத் துறையில் பணியிடங்கள் குறைவு. வருஷா வருஷம் அறிவிப்பு வரும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது.

இது தவிர டிஎன்பிஎஸ்சி. குரூப் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம் ஆனதில் இருந்து தமிழில் அடித்தளம் உள்ளவர்களுக்கு அது பலம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, டிகிரி மட்டும் தமிழில் படித்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருந்தால்தான் அந்தச் சலுகை.

எல்லாரும் கவனிக்காமல் விடும் விஷயம்

வித்தியாசமான துறை என்பது இந்தப் பல்கலைக்கழகத்தின் பலம். அதுவே சில சமயம் சிக்கலும் ஆகும்.

அரசு வேலைக்கான அறிவிப்பில் "எம்.ஏ. தமிழ்", "எம்.ஏ. வரலாறு" என்று பாடத்தின் பெயர் இருக்கும். உங்க சர்டிபிகேட்டில் அந்தப் பெயர் அப்படியே இல்லாமல், ரெண்டு பாடம் சேர்ந்த பெயரோ வேறு பெயரோ இருந்தால், "இது அதற்கு இணையான படிப்புதானா?" என்கிற கேள்வி சான்றிதழ் சரிபார்ப்பில் வரும். இணையானது என்று உயர்கல்வித் துறை அரசாணை போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. போடவில்லை என்றால், எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்கியும் அந்த மேஜையில் இருந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டி வரும்.

எந்த அரசுப் பல்கலைக்கழகத்தின் புதுப் பெயர் கொண்ட படிப்புக்கும் இது பொருந்தும். ஐந்து வருஷம் படித்து முடித்து, தேர்வும் எழுதிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட, சேரும் முன் ஒரு நாள் அலைந்து தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

செலவுக்கு என்ன வழி?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அதிலும் மாதம் ரூ.1,000. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் எத்தனை ஆண்டுகளுக்கு இந்தத் தொகை வரும் என்பதை பல்கலைக்கழகத்தில் இதைக் கவனிக்கும் அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும், பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கான அரசு உதவித்தொகையும் தனியாக உண்டு. வருமானச் சான்று, சாதிச் சான்று, பேங்க் கணக்குடன் ஆதார் இணைப்பு மூன்றையும் அட்மிஷனுக்கு முன்பே தயாராக வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் சேர்க்கையில் தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு நேரா அட்மிஷனுக்குப் போகாதீங்க. முடிந்தால் ஒரு வேலை நாளில் துறைக்கே போய், ஆசிரியர்களையும் சீனியர்களையும் பார்த்து இதைக் கேளுங்க.

1. சர்டிபிகேட்டில் படிப்பின் பெயர் எப்படி அச்சாகும்? அதற்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா? இருந்தால் அரசாணை எண் என்ன?

2. துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெறப் போகிறவர்கள் எத்தனை பேர்? சின்னத் துறையில் ஒருவர் போனாலே ஒரு பாடமே போய்விடும்.

3. ஒருங்கிணைந்த படிப்பில் மூன்று ஆண்டில் வெளியே வந்தால் இளங்கலைப் பட்டம் தருவார்களா?

4. கல்வெட்டு, சுவடி, நாடகம் என்றால் நேரடிப் பயிற்சி எத்தனை நாள்? களப்பணிக்குக் கூட்டிப்போகிறார்களா?

5. போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் முடித்தவர்கள் இப்போ எங்கே இருக்கிறார்கள்? நெட், செட் பாஸ் ஆனவர்கள் எத்தனை பேர்?

6. விடுதியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இடம் கிடைக்குமா? மாதச் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு ஆகும்?

ஐந்தாவது கேள்விக்கு அலுவலகத்தைவிட சீனியர்களிடம் நல்ல பதில் கிடைக்கும். வெளியே டீக்கடையில் கேட்டால் இன்னும் நல்ல பதில் கிடைக்கும்.

யாருக்கு செட் ஆகும்? யாருக்கு ஆகாது?

ஏதாவது ஒரு டிகிரி போதும், வேலைக்கு வேறு வழி பார்த்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுக் கல்லூரியே போதும். செலவு குறைவு. எம்.ஏ. தமிழ் வேறு பல இடங்களிலும் இருக்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவை நம்பி வருகிறவர்களுக்கும் இது பொருந்தாது.

ஆனா கோயிலுக்குப் போனால் சாமியைவிடச் சுவரை அதிக நேரம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டி சொன்ன கதையை அப்படியே எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தூக்கம் வராதவர்கள், கூத்தை வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்த முடியாதவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் கதவுகள் கொஞ்சம்தான். அதில் ஒன்று தஞ்சாவூர், திருச்சி சாலையில் இருக்கிறது.

கூடவே பி.எட்., நெட், டிஎன்பிஎஸ்சி என்று ஒரு வேலைக்கான வழியையும் முதல் ஆண்டிலிருந்தே சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். துறையை ஆசைக்குத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் சர்டிபிகேட்டில் வரும் பெயரையும் அந்த அரசாணை எண்ணையும் பேப்பரில் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். அடுத்த முறை யாராவது "படிச்சு?" என்று கேட்டால், பதில் உங்க கையில் இருக்கும்.